ஏக்கர் ஒன்றே, விலை ஒன்றா?

நிலம் என்பது எடுத்துச் செல்ல இயலாத சரக்கு. நெல்லை நல்ல விலை கிடைக்கும் ஊருக்கு வண்டியேற்றலாம்; மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் செல்லலாம்; பொன்னை முடிந்துகொண்டு இரயிலேறலாம். நிலமோ கிடந்த இடத்திலேயே கிடந்து, வாங்குவோன் தன்னைத் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகையால் ஓர் ஏக்கரின் விலையை ஆராயப் புகுவோர் மண்ணைக் கையில் அள்ளிப் பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. அம்மண்ணைச் சுற்றி நான்கு புறமும் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இத்திங்கள் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் ஊரிலிருந்து வந்த கடிதம் ஒன்றை நம்மிடம் காட்டினார். அவருடைய தந்தையார் காலமாகி ஓராண்டு நிறைந்துவிட்டது. ஊரோடிருந்து பயிர் செய்யும் தமையனார் பாகப்பிரிவினைக்கு ஒரு திட்டம் எழுதி அனுப்பியிருக்கிறார். வாய்க்காலின் தலைமடையில் உள்ள 6 மா நன்செய் தமக்கு. கடைமடையில் உள்ள 9 மா தம்பிக்கு. புறவழிச்சாலையை அடுத்த 60 சென்ட் புன்செய்யையும் தாமே வைத்துக்கொண்டு, தங்கைக்கு அதற்கு ஈடாகப் பணம் கொடுத்துவிடுவது. “உனக்கே மூன்று மா கூடுதலாக விட்டிருக்கிறேன், கையொப்பமிட்டு அனுப்புக” என்று முடிகிறது கடிதம். கையொப்பமிட்டால் ஏமாந்தவர் ஆவோமோ என்பது அன்பரின் ஐயம். இடாவிட்டால் அண்ணன் முகத்தில் விழிப்பது எவ்வாறு என்பது அவருடைய துயரம். இக்கடிதத்தை ஒத்தவை நம் உறுப்பினர் பலருடைய வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன என்பதை நாம் அறிவோம்.

இதற்கு விடை தேடுமுன் சற்று விலகிச் செல்ல வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

நிலத்தின் விலை இடத்திற்கு இடம் ஏன் மாறுகிறது என்பதை ஆராய்ந்தவர்களுள் இருவர் தலையாயவர். ஒருவர் இங்கிலாந்தின் டேவிட் ரிக்கார்டோ. 1817இல் வெளிவந்த தம் நூலில், வளமான நிலத்திற்கும் வளங்குன்றிய நிலத்திற்கும் விளைச்சலில் உள்ள வேற்றுமையே குத்தகையாக உருவெடுக்கிறது என்று அவர் விளக்கினார். மற்றொருவர் செர்மனி நாட்டின் பண்ணையார் வான் தூனன். தெல்லோ என்னும் தம் பண்ணையின் கணக்கேடுகளை ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்து, 1826இல் ஒரு நூல் வெளியிட்டார். எங்கும் ஒரே மண்ணுள்ள சமவெளி. நடுவே ஒரே ஒரு நகரம். அவ்வாறு இருந்தாலுங்கூட நகரத்திலிருந்து விலக விலக நிலத்தின் குத்தகை குறைந்துகொண்டே செல்லும், ஏனெனில் விளைபொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கூலி கூடிக்கொண்டே செல்கிறது என்பது அவர் கண்ட முடிவு. சரக்கு அலுவலகத்தில் இரசீது எழுதும் நமக்கு, இவ்விருவருள் வான் தூனனே நெருங்கிய உறவினராகத் தோன்றுகிறார். தம் வருமானத்தில் வண்டிக் கூலி எவ்வளவு என்று எழுதி வைத்துக் கணக்கிட்ட பண்ணையார் எல்லா நாட்டிலும் அரியரே அன்றோ!

நாம் வாழும் நாகபுரியை எடுத்துக்கொள்வோம். ஆரஞ்சுக்குப் பேர்பெற்ற காடோல், நர்கேடு வட்டாரங்கள் இங்கிருந்து டெல்லி செல்லும் இரயில் பாதையை ஒட்டியே அமைந்துள்ளன. அங்கே இரண்டு தோட்டங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்க. மண் ஒன்று, கிணறு ஒன்று போல, மரத்தின் வயதும் ஒன்றே. இரண்டிலும் ஏக்கருக்கு ஆண்டுக்கு 5,000 கிலோ காய்க்கிறது. ஒன்று தார்ச்சாலையோரம் இருப்பதால் சந்தை சேர்க்கக் கிலோவுக்கு 1 ரூபாய் ஆகிறது. மற்றது மழைக்காலத்தில் சேறாகும் பாதையின் கோடியில் இருப்பதால் 2 ரூபாய் ஆகிறது. வேற்றுமை ஆண்டுக்கு 5,000 ரூபாய். நூற்றுக்கு ஐந்து வட்டியில் 5,000 ரூபாய் ஈட்டுவதற்கு ஒரு இலட்சம் ரூபாய் முதல் வேண்டும். ஆகவே, சேற்றுப் பாதைத் தோட்டம் ஏக்கருக்கு ஒரு இலட்சம் ரூபாய் குறைந்து விற்கும். அந்த ஓர் இலட்சத்தைத் தின்றது மண்ணன்று, பாதையே. இவ்வெண்கள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. முறை எங்கும் பொருந்தும்.

இதில் இரயிலின் கணக்கு ஒரு தனி இயல்புடையது. தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டண வீதம் குறைந்துகொண்டே செல்லும்படி சரக்குக் கட்டணம் வகுக்கப்பட்டிருக்கிறது. மாட்டுவண்டிக்கும் சிறு லாரிக்கும் அத்தகைய இரக்கம் கிடையாது. எனவே தோட்டத்தின் விலையை அறுப்பது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள டெல்லி அன்று. தோட்டத்திற்கும் நிலையத்திற்கும் இடைப்பட்ட பத்துப் பதினைந்து கிலோமீட்டரே பெரும்பாலும் அதனை அறுக்கிறது. (இக்காலத்தில் ஆரஞ்சு மிகுதியும் லாரியிலேயே போகிறது என்பதை நம் அலுவலகத்தார் வருத்தத்தோடு ஒப்புக்கொள்வர். 2020 ஆகஸ்டு 7ஆம் நாள் தேவ்லாலியிலிருந்து தானாப்பூருக்கு முதல் உழவர் இரயில் புறப்பட்டபோது எம்மனோர் மகிழ்ந்தது அதனாலேயே.)

பருத்தி விளையும் இவ்விதர்ப்பத்திற்கு 1867இல் இரயில் வந்து சேர்ந்தது. அதற்கு முன் மூட்டைகள் மாட்டின் முதுகிலும் வண்டியிலும் வாரக்கணக்கில் பயணம் செய்தன. ஆங்கிலேயர் காலத்து இரயில் பாதைகளால் விளைந்த பயனை டேவ் டொனால்ட்சன் என்னும் பொருளியல் அறிஞர் பழைய பதிவேடுகளைக் கொண்டு ஆராய்ந்து, 2018இல் தம் முடிவை வெளியிட்டார். பாதை வந்த மாவட்டங்களில் வேளாண்மையின் உண்மை வருமானம் ஏறக்குறைய 16 சதவீதம் உயர்ந்தது என்பது அவர் கணக்கு. அம்மாவட்டங்களின் மண் மாறவில்லை. இருந்த இடத்தைவிட்டு அவை நகரவுமில்லை. ஆயினும் சந்தை அவற்றை நெருங்கி வந்துவிட்டது. நாகபுரியிலிருந்து மும்பைக்குச் செல்லும் 701 கிலோமீட்டர் விரைவுச்சாலையின் முதற்பகுதி 2022 டிசம்பரிலும் இறுதிப்பகுதி 2025 ஜூனிலும் திறக்கப்பட்டன. அதன் நுழைவாயில்களை அடுத்த ஊர்களில் நிலம் வாங்க வருவோர் தேர்ந்தெடுப்பது எந்த மண்ணை என்று விசாரித்துப் பார்ப்பீர்களாயின், மண்ணைப் பற்றிய பேச்சே எழாது.

சந்தை விலகிச் செல்வதும் உண்டு. நம் பக்கத்து ஆரஞ்சுக்குப் பங்களாதேசம் பெரியதொரு சந்தையாக இருந்தது. அந்நாடு பழங்களுக்கான இறக்குமதி வரியை ஆண்டுக்கு ஆண்டு உயர்த்தியபோது, காடோல் தோட்டக்காரர் ஓரடியும் நகராமலே எல்லைக்கு அப்பால் தள்ளிவைக்கப்பட்டார்.

இனி நம் சொந்த நாட்டுக்கு வருவோம். அங்கே முதற்கேள்வி சந்தையன்று, நீரே. தஞ்சைப் பக்கத்து நிலத்திற்கும் இராமநாதபுரத்து நிலத்திற்கும் உள்ள விலை வேற்றுமையை வானத்து மழையைக் கொண்டு விளக்க முயல்வோர் தோற்பர். இரு பகுதிகளும் வடகிழக்குப் பருவக்காற்றையே பெரிதும் நம்பியிருப்பவை. மழை அளவின் வேற்றுமை, விலையின் வேற்றுமையை விளக்கும் அளவு பெரிதன்று. குடகில் பெய்த மழை கல்லணை வழியே வந்து சேரும் இடத்தில் ஒன்று இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் உண்டு, நிறையாவிட்டால் இல்லை என்ற இடத்தில் மற்றொன்று இருக்கிறது. அவ்வளவே. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தமிழகத்திற்கு 177.25 டி.எம்.சி. நீர் என்று தீர்ப்பளித்தபோது, பல்லாயிரம் வேலி நிலத்தின் விலையையும் அந்த எண் தொட்டது.

ஆற்றுப் பாசனத்திலும் ஒரே வாய்க்காலின் இரு முனைகள் ஒன்றல்ல. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது; குறுவைக்காக ஜூன் 12ஆம் நாள் அதனைத் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் திறக்க இயலவில்லை. 2020இல் தான் மீண்டும் அந்நாளில் நீர் விடப்பட்டது. அத்தகைய காலங்களில் தலைமடைக்காரர் எப்படியேனும் ஒரு போகம் எடுத்துவிடுவார். கடைமடைக்காரர் முறை வரும்பொழுது வாய்க்காலில் நீர் வற்றியிருக்கும். வடிகாலும் அவ்வாறே: பெருமழை பெய்தால் மேட்டு நீர் முழுதும் கடைமடைக்கு வந்து நிற்கும். கடற்கரையை அடுத்த ஊர்களில் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை உப்பைக் கொண்டு வந்து வயலில் இறக்கியது; 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தது. வாங்க வருவோர் இவற்றையெல்லாம் மறப்பதில்லை.

பழைய நிலவரித் திட்டக்காரர்களும் இதனை நன்கு அறிந்திருந்தனர். சென்னை மாகாணத்தில் இரயத்துவாரித் தீர்வை விதித்தபோது நன்செய்யை நீராதாரத்தின் உறுதியைக் கொண்டும், புன்செய்யைச் சாலைக்கும் சந்தைக்கும் உள்ள நெருக்கத்தைக் கொண்டும் வகுப்புகளாகப் பிரித்தனர். விளைச்சலின் மதிப்பைப் பணமாக்கும்போது வண்டிக் கூலிக்கும் வணிகர் இலாபத்திற்கும் ஒரு பங்கைக் கழித்தனர். ஊர்ப் பதிவேட்டில் இன்றும் காணப்படும் “மண் வயனமும் ரகமும்”, “தரம்” என்ற கலங்கள் அக்காலத்து எச்சமே. பட்டாவை வெறும் பரப்பளவுக்காக மட்டும் படிப்போர் பாதியைப் படிக்காமல் விடுகின்றனர்.

ஆயினும் அப்பழைய வரிசை இப்பொழுது தலைகீழாகி வருவதைக் காண்கிறோம். நம் பாட்டனார் காலத்தில் ஒரு மா நன்செய்க்குப் பல மா புன்செய்யை மாற்றாகக் கொடுத்தாலும் கொள்வாரில்லை. இன்றோ கோவை, திருப்பூர்ப் பக்கம் ஆயிரம் அடி துளைத்தும் நீர் அரிதான புன்செய், இருபோகம் விளையும் டெல்டா நன்செய்யைவிட மிக்க விலைக்குப் போகிறது. ஆலையும் கல்லூரியும் சாலையும் அதனை நெருங்கிவிட்டன. அதனைப் பயிருக்காக எவரும் வாங்கவில்லை. நன்செய்யை மனையாக மாற்றுவதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களையும் 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் அறிவித்தது. எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் போன்ற புதுத்தொழில்களுக்கு அங்கே இடமில்லை. சோறு போடும் மண் சோறு போடும் மண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அம்மண்ணின் உடையவருக்கு மனைக்காரரின் விலை கிட்டாது என்பதையும் கூடவே சொல்லிவிடுதல் நேர்மை. அங்கே விலை இன்றும் நெல்லின் விலையாகவே இருக்கிறது.

பிற மாநிலங்களை விரைவாகப் பார்த்துச் செல்வோம். பஞ்சாபில் நெல்லும் கோதுமையும் ஆதார விலைக்குக் கொள்முதல் ஆகும் என்ற உறுதி குத்தகையிலும் நிலவிலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பீகாரிலும் வண்டல் மண்ணே. அங்கே ஒழுங்குமுறைச் சந்தைச் சட்டம் 2006இல் நீக்கப்பட்டுவிட்டது, அரசுக் கொள்முதலும் பஞ்சாபைப்போல் உறுதியானதன்று. எனினும் அங்கே நிலம் மலிவு என்று எண்ணிவிடலாகாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பீகாரில் 1,106 பேரும், கேரளத்தில் 860 பேரும், தமிழகத்தில் 555 பேரும், நம் மராட்டியத்தில் 365 பேரும் வாழ்ந்தனர். கைப்பிடி மண்ணுக்கு இத்தனை கைகள் நீளுமிடத்தில் விளைச்சலைக் கொண்டு மட்டும் விலையை அளக்க இயலாது. வளைகுடாவில் உழைத்த பணமும் கேரளத்து மண்ணிலேயே வந்து விழுந்தது.

சட்டமும் ஒரு வேலியே. உழவரல்லாதார் வேளாண் நிலம் வாங்குவதை மராட்டியச் சட்டம் ஆட்சியரின் அனுமதியின்றி ஒப்புவதில்லை. விதர்ப்பப் பகுதிக்கென 1958ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டம் தனியே உள்ளது. கருநாடகம் இத்தகைய தடையை 2020இல் நீக்கிற்று. தமிழகத்தில் அத்தடையே இருந்ததில்லை. வேலி உள்ள இடத்தில் வாங்குவோர் சிலர். வேலி இல்லாத இடத்தில் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் வாங்க வருவர். ஒரே தர நிலத்திற்கு விலை மாற இதுவும் ஒரு காரணம். இங்கே ஓய்வுக்காலத்திற்கெனத் தோட்டம் தேடும் நம்மவர், முன்பணம் கொடுக்குமுன் தம் ஊர்ப் பட்டா இங்கே உழவர் என்று ஏற்றுக்கொள்ளப்படுமா என்பதை வட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு விடை பெறுக. தரகர் வாய்ச்சொல் விடையாகாது.

இப்பொழுது அன்பரின் கடிதத்திற்குத் திரும்புவோம்.

தமையனார் மீது முதலிலேயே ஐயங்கொள்ள வேண்டா என்றே அவருக்குச் சொன்னோம். நன்செய்ப் பங்கீட்டைச் சோதிக்க எளிய வழி குத்தகைக் கணக்கு. மூன்று மா ஓர் ஏக்கர் என்றால், 6 மா 2 ஏக்கர். 9 மா 3 ஏக்கர். சென்ற ஐந்தாறு ஆண்டுகளில் அவ்வூரில் தலைமடைக்கு மாவுக்கு 3 மூட்டையும் கடைமடைக்கு 2 மூட்டையும் குத்தகை வந்திருக்குமாயின், அண்ணனுக்கு 18 மூட்டை. தம்பிக்கும் 18 மூட்டை. பங்கு ஒத்திருக்கிறது. மூன்று மா கூடுதல் என்பது சலுகையும் அன்று, சூழ்ச்சியும் அன்று. இடத்திற்கு உரிய ஈடு. கடைமடைக்கு ஒன்றரை மூட்டையே வந்திருக்குமாயின், தம்பிக்கு 12 மா வந்தால்தான் ஈடாகும். சிக்கல் உண்டான ஆண்டுகளையும் சேர்த்துச் சராசரி பார்க்க வேண்டும். நல்ல ஆண்டை மட்டும் கொண்டு பார்த்தால் தலைமடையின் அருமை தெரியாது.

பெரிய வேற்றுமை அந்த 60 சென்டில் இருக்கிறது. பட்டாவில் அது தீர்வை குறைந்த மானாவாரிப் புன்செய். புறவழிச்சாலை போட்டபின் அது புன்செய்யாகவா விலை போகும்? தங்கைக்குப் புன்செய் விலையைக் கணக்கிட்டுப் பணம் கொடுப்பது, தெரிந்து செய்தாலும் தெரியாமற் செய்தாலும் அநீதியே. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனோடு ஒத்த பங்கு உண்டு. அப்பங்கு இன்றைய விலைக்கே. பணம் கொடுக்க இயலாதாயின் மூவருக்கும் 20 சென்டாகப் பிரிக்கலாம். ஆனால் பிரிவு சாலைக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். மூவருக்கும் சாலைமுகம் கிடைத்தால் மூன்றும் ஒரு விலை. பின்னால் கிடப்பவருக்கு முன்னால் இருப்பவர் சொல்வதே விலையாகும்.

கடைமடை 9 மாவிலும் இதே கேள்வி உண்டு. அதற்குத் தனி வண்டிப்பாதை இருக்கிறதா? பிறர் வரப்பின் மேல் நடந்தே சேரவேண்டிய வயலை வெளியார் வாங்கார். ஒட்டிய நிலத்துக்காரர் ஒருவரே வாங்குவார், அவரும் தமக்கேற்ற விலைக்கே கேட்பார். தந்தையார் காலத்தில் எல்லாம் ஒரே குடும்பத்து நிலமாதலால் எவரும் வழி கேட்கவில்லை. பிரிவினைக்குப் பின் அது அண்ணன் வயல், இது தம்பி வயல். ஆகவே நடைவழிப் பாத்தியம், வண்டிப் பாத்தியம், மடைநீர் எடுக்கும் பாத்தியம் ஆகிய மூன்றையும் சர்வே எண்ணோடு பத்திரத்தில் எழுதச் செய்யுமாறு அன்பரிடம் வற்புறுத்தினோம். விலை ஒத்து வந்தபின்னும் இவ்வொரு வரி இல்லையேல் 9 மாவின் பெரும்பகுதி வெறும் எண்ணாகிவிடும். தமையனாருக்கு எழுதும் மடலில் இதனைக் குற்றச்சாட்டாக எழுதாமல், “பிள்ளைகள் காலத்தில் வழக்கு வாராதிருக்க” என்று எழுதும்படியும் சொன்னோம்.

விலையை அறிவது எவ்வாறு என்று கேட்போருக்குச் சில சொற்கள். பதிவுத்துறை இணையதளத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வழிகாட்டி மதிப்பு கிடைக்கும். அது அரசு முத்திரைத்தாள் தீர்வைக்காக வைத்த எண், சந்தை விலையன்று. 2017 ஜூனில் அதனை 33 சதவீதம் குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக உயர்த்தினர். 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே மீட்டுக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினர். அவ்விரு முறையும் வயலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆகையால் வழிகாட்டி மதிப்பைக் காட்டித் தங்கைக்குக் கணக்கு முடிப்போர் பேச்சை ஏற்க வேண்டா. சுற்றுவட்டாரத்துச் சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டுச் சென்ற மூன்றாண்டு விற்பனைகளைப் பார்ப்பது மேல். அதிலும் பத்திரத்தில் குறைத்து எழுதும் வழக்கம் உண்டென்பதை நினைவிற் கொள்க.

அவ்வழக்கம் ஒருவரோடு நிற்பதில்லை. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி, சுற்றுவட்டாரத்தில் மூன்றாண்டு விற்பனைப் பத்திரங்களுள் உயர்ந்த விலையுள்ள பாதியின் சராசரியும் மதிப்புக்கு ஓர் அடிப்படை. நாட்டுப்புற நிலமாயின் நகரத்திலிருந்து உள்ள தூரத்தைக் கொண்டு அதனை 1 முதல் 2 வரை பெருக்கி, மேலும் 100 சதவீதம் ஆறுதல் தொகை சேர்க்கின்றனர். நேற்று அயலார் தீர்வைக்கு அஞ்சிக் குறைத்து எழுதிய பத்திரம், நாளை சாலைக்காக நம் வயலை எடுக்கும்போது நமக்குக் குறைந்த விலையாக வந்து சேரும்.

வில்லங்கச் சான்றைப் படிக்கும் முறையையும், வெளிமாநிலத்திலிருந்தே அதனைப் பெறும் வழியையும் அடுத்த திங்கள் எழுதுவோம். பாகப்பிரிவினை தொடர்பாக ஐயமுள்ள அன்பர்கள், பத்திரப் படியைத் தபாலில் அனுப்பாமல், நிலத்தின் வகை, பரப்பு, பாசனம், பாதை ஆகிய நான்கையும் மட்டும் ஒரு தாளில் குறித்துச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் போதும்.